ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலரா, நாலு பேரா?

கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) சுரங்கம் ஓடிய காலத்தில் நந்திதுர்க் தொழிலாளர் லைன் வீடுகளில் தண்ணீர் வரவில்லை என்றால் கம்பெனியைக் கேட்பார்கள். பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து வந்த மின்சாரமும் தங்கத்துக்காக வந்தவை. குடியிருப்புகளும் அதில் பிழைத்தன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் மக்கள் போய் நிற்கக்கூடிய வாசல் கவுன்சிலருடையதுதான். அந்தக் கவுன்சிலர் எந்தக் கணக்கில் தேர்வாகிறார் என்பதைத்தான் நம் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

கே.ஜி.எஃப்.பின் ராபர்ட்சன்பேட்டை நகரசபையில் 35 வார்டுகள். 2019 நவம்பரில் தேர்தல் நடந்தது. வார்டுக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தவர். 2011 கணக்கெடுப்பின்படி ஊரின் ஜனத்தொகை சுமார் 1.6 லட்சம். அதாவது சராசரியாக ஒரு வார்டுக்கு 4,600 பேர், குழந்தைகளையும் சேர்த்து. இரண்டாயிரம் ஓட்டு பதிவாகி, ஏழு பேர் களத்தில் இருந்தால், ஐந்நூறு ஓட்டு வாங்கியவர்கூட கவுன்சிலராகிவிடலாம். மீதி ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு சபையில் ஆள் இல்லை. இருந்தாலும் இந்த முறைக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. கட்சிச் சின்னம் இல்லாத ஒருவர், தன் லைனில் வீடு வீடாக நடந்தே ஜெயித்துவிட முடியும்.

அப்படி ஜெயித்தவர் அடுத்த முறையும் அதே வார்டில் நிற்பார் என்று எண்ண வேண்டாம். இட ஒதுக்கீடு சுழற்சியில் போகிறது. இந்த முறை பொது, அடுத்த முறை பெண்கள், அதற்கடுத்து பட்டியலினம் என்று பட்டியல் மாறும்போது, வேலை செய்த கவுன்சிலரும் வேலையே செய்யாதவரும் ஒரேயடியாக வெளியேறுகிறார்கள். ஒதுக்கீடு தேவை என்பதில் சந்தேகமில்லை. சட்டமன்றத் தொகுதியே தனித்தொகுதியாக உள்ள ஊர் இது. ஆனால் அடுத்த முறை இந்த வார்டு தனக்கில்லை என்று தெரிந்தவரிடம் யார் கணக்குக் கேட்பது?

வேறு வழி உண்டா? அரசியல் சாசனத்தின் 243-ஆர் பிரிவு, உறுப்பினர்கள் வார்டுகளிலிருந்து நேரடியாகத் தேர்வாக வேண்டும் என்கிறது. வார்டுக்கு ஒருவர்தான் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. அந்த இடைவெளியில் புகுந்தது மகாராஷ்டிரம். அங்கே மும்பை தவிர்த்த மாநகராட்சிகளில் 2002-இல் மூன்று பேர் வார்டு, 2007-இல் ஒருவர், 2012-இல் இரண்டு பேர், 2017-இல் நான்கு பேர். தேர்தலுக்குத் தேர்தல் வார்டின் அளவு மாறுகிறது என்பதே போதுமான எச்சரிக்கை. 2026 ஜனவரியில் நடந்த தேர்தலில் மும்பையில் மட்டும் வார்டுக்கு ஒருவர். புனேயில் 41 வார்டு, 165 இடம்.

புனே வாக்காளர் சாவடிக்குள் போனால் அ, ஆ, இ, ஈ என்பதுபோல நான்கு இடங்களுக்குத் தனித்தனிப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நான்கு முறை பொத்தானை அழுத்த வேண்டும். நான்கிலும் அதே கட்சியை அழுத்துபவர்களே அதிகம் என்றால், நாற்பது சதவீத ஆதரவு உள்ள கட்சி நான்கு இடத்தையும் வாரிக்கொள்ளும். சுயேச்சைக்கோ, இருபதாயிரம் வீடுகளைச் சுற்றிவரக் காலும் காசும் போதாது. ஒதுக்கீட்டில் ஒரு வசதி உண்டு: ஒரே வார்டில் பெண்ணுக்கும் பட்டியலினத்தவருக்கும் பொதுவுக்கும் இடம் இருப்பதால் சுழற்சியின் அடி கொஞ்சம் குறையும்.

பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். வார்டில் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. ஓட்டை எப்படி எண்ணுவது என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரம் 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, நகரத்தை நான்கு வட்டமாகப் பிரித்து, வட்டத்துக்கு மூன்று பேர் என்று வைத்தது. 2024 நவம்பரில் முதல் தேர்தல். வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை எழுதுகிறார். கால்வாசிக்கு மேல் ஆதரவு சேர்ந்தால் ஓர் இடம் உறுதி. புனேயில் சிறுபான்மைக் குரலை விழுங்கிய பெரிய வார்டு, இங்கே அதே குரலைக் காப்பாற்றுகிறது.

இலங்கை எதிர்த்திசையில் வந்தது. அங்கே உள்ளூராட்சி சபைகளுக்குப் பல ஆண்டுகள் விகிதாசார முறை. தன் தெருவுக்கு யார் உறுப்பினர் என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை என்ற குறை. 2018 பிப்ரவரி 10 தேர்தலில் 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் கட்சிப் பட்டியல் என்று கலந்தார்கள். வட்டாரத்துக்கு முகம் கிடைத்தது. கூடவே உறுப்பினர் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகி எட்டாயிரத்தைத் தாண்டியது. பல சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை.

நந்திதுர்க்குக்கு எது பொருந்தும்? கம்யூனிஸ்ட், இந்தியக் குடியரசுக் கட்சி (ஆர்.பி.ஐ.), அ.தி.மு.க. என்று பலவகைக் கட்சிகளைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி கே.ஜி.எஃப். இப்படி ஓட்டு சிதறும் ஊருக்குப் புனே முறை பெரிய கட்சிகளுக்குச் சாதகம். நந்திதுர்க், ஊரிகம், சாம்பியன் ரீஃப் மூன்றையும் சேர்த்து மூன்று இடம் வைத்து, போர்ட்லேண்ட் பாணியில் எண்ணினால், ஒவ்வொரு லைனிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும் ஒரு சிறிய கட்சிக்கும் ஒரு நாற்காலி கிடைக்கலாம். இதற்குக் கர்நாடக நகராட்சிகள் சட்டத்தைச் சட்டமன்றம் திருத்த வேண்டும். அதற்கான ஆர்வம் எந்தப் பெரிய கட்சிக்கும் இருக்க நியாயமில்லை.

அதற்கு முன்னால் வந்து நிற்கப்போவது வார்டு எல்லை மறுவரையறை. வார்டின் ஜனத்தொகையைக் கடைசியாக வெளியான கணக்கெடுப்பை வைத்துத்தான் பார்க்கிறார்கள். இன்றும் அது 2011. வேலை தேடிப் பெங்களூருக்குக் குடிபோன குடும்பங்களும், மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி ராத்திரி திரும்புகிறவர்களும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. பூட்டிக் கிடக்கும் லைன் வீட்டில் எண்ணுவதற்கு ஆள் இருக்காது. ஆள் குறைந்தால் பழைய சுரங்கக் குடியிருப்பு வார்டுகள் ஒன்றோடொன்று சேர்க்கப்படலாம், கடைத்தெருப் பக்கத்து வார்டுகள் கூடலாம். வரைவு அறிவிக்கையில் வடக்கே எந்த ரோடு, தெற்கே எந்தச் சந்து என்று எழுதியிருப்பார்கள். ஆட்சேபம் சொல்ல வேண்டியவர்கள் அதில் சொன்ன கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.