தடயமும் பல்துறை அறிவும்

நுழையும்முன்

குற்றம் நிகழ்ந்த இடத்தில் கிடைக்கும் ஒரு மயிரிழையும் நீதிமன்றத்தில் சான்றாகலாம். அச்சான்றை ஆராய ஒரு துறையின் அறிவு மட்டும் போதுமா? பல துறைகள் கூடி வளர்ந்த தடய அறிவியலையும், பல்கலைக்கழகங்களில் அது துணைப்பாடமாகப் பயிலப்படும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

தொடுதலும் சுவடும்

இரு பொருள்கள் ஒன்றையொன்று தொடும்போது, ஒவ்வொன்றும் மற்றதில் தன் சுவட்டை விட்டுச்செல்லும். தடய அறிவியலின் அடிப்படையான இக்கருத்தை முன்வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் லொக்கார்ட். மருத்துவமும் சட்டமும் கற்ற அவர், 1910ஆம் ஆண்டு லியோன் நகரில் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1849இல் சென்னையில் நஞ்சு முதலியவற்றைக் கண்டறியும் வேதியியல் ஆய்வகம் நிறுவப்பட்டிருந்தது.

கணிதம் தந்த வழி

1897இல் கொல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பதிவுகளுள் ஒரு ரேகையைத் தேடியெடுப்பது எங்ஙனம்? கணிதம் பயின்ற அசீசுல் ஹக், ரேகைகளை 1024 பிரிவுகளாகப் பகுக்கும் முறையை வகுத்தார். அவருடன் பணியாற்றிய ஹேம் சந்திர போஸ், ரேகை விவரங்களைத் தந்தியில் அனுப்புவதற்கான குறியீடுகளை உருவாக்கினார். எனினும், அம்முறை அவர்தம் மேலதிகாரியின் பெயரால் ‘ஹென்றி முறை’ என்றே உலகெங்கும் வழங்கலாயிற்று.

குற்றமற்றவரைக் காத்த ஆய்வு

1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ், ஒருவரை மற்றொருவரிடமிருந்து வேறுபடுத்தும் டி.என்.ஏ. பதிவு முறையைக் கண்டறிந்தார். அவ்வட்டாரத்தில் 1983லும் 1986லும் இரு சிறுமியர் கொல்லப்பட்டனர். இரண்டாம் கொலையைச் செய்ததாகப் பதினேழு வயது இளைஞர் ஒருவர் ஒப்புக்கொண்டார். ஆய்வோ, இரு குற்றங்களையும் செய்தவர் ஒருவரே என்பதையும், அவர் இவ்விளைஞர் அல்லர் என்பதையும் காட்டியது. உண்மைக் குற்றவாளி 1988இல் தண்டிக்கப்பட்டார். தனக்குப் பதிலாக மற்றொருவரைக் குருதி கொடுக்கச் செய்து ஆய்விலிருந்து தப்பியிருந்த அவரைக் காட்டிக்கொடுத்தது, பிறர் செவியில் விழுந்த ஓர் உரையாடல். ஆய்வகமும் மக்களின் சொல்லும் இணைந்தே நீதியை நிலைநாட்டின.

துணைப்பாடமாகத் தடய அறிவியல்

வேதியியலையோ உளவியலையோ முதன்மைப் பாடமாகக் கொண்ட மாணவர், தடய அறிவியலைத் துணைப்பாடமாகப் பயிலலாம். நஞ்சைக் கண்டறிய வேதியியலும், எலும்பைக்கொண்டு வயதை மதிப்பிட மானுடவியலும், கண்ணால் கண்டவரின் நினைவு பிழைபடுவதை அறிய உளவியலும், பொருத்தம் தற்செயலானதா எனக் கணிக்கப் புள்ளியியலும் உதவுகின்றன. சான்றை முத்திரையிடுதல், அது யார் யார் கைக்கு மாறியது எனப் பதிவுசெய்தல் ஆகியவை செய்முறைப் பயிற்சியில் அடங்கும். இப்பதிவில் ஓர் இடைவெளி ஏற்படினும் நல்ல சான்றும் ஐயத்திற்குள்ளாகும். ஆய்வு முடிவை நடுவருக்கு விளங்குமாறு எழுதும் மொழித்திறனும் இன்றியமையாதது. துணைப்பாடம் மட்டுமே ஒருவரைத் தடயவியல் வல்லுநராக்கிவிடாது. அதற்கு மேற்படிப்பும் பயிற்சியும் தேவை.

இன்றைய தேவை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடம் செல்ல வேண்டும் என்கிறது. இதனைச் செயற்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை காலம் அளிக்கப்பட்டுள்ளது. குற்றவாளியைக் காட்டுவதோடு, குற்றமற்றவரை விடுவிப்பதும் தடய அறிவியலின் கடமை. அக்கடமையை ஏற்போருக்குப் பல துறைகளின் அறிவோடு நடுநிலை பிறழாத நெஞ்சமும் வேண்டும்.