உங்களுக்குத் தெரியுமா? மூளை, நரம்பு, தசை: மாணவர்கள் அடித்த சிக்ஸர்கள்!

மருத்துவ மாணவர் என்றால் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இருப்பவர் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்! மூளை, நரம்பு, தசை பற்றி இன்று டாக்டர்கள் சொல்லும் எத்தனையோ விஷயங்களை முதலில் கண்டுபிடித்தது மாணவர்கள்தான். திருவனந்தபுரத்திலிருந்து கிளம்புவோம், வாருங்கள்!

அரண்மனைக்குள் ஆராய்ச்சிக்கூடம் இருக்குமா? இருக்கிறது! திருவனந்தபுரம் பூஜப்புரையில் திருவிதாங்கூர் ராணி சேது லட்சுமி பாய் வாழ்ந்த சாட்டல்மண்ட் அரண்மனை. இன்று அது ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு வளாகம். ராணி உலவிய இடத்தில் இன்று பிஎச்.டி. மாணவர்கள்!

அதே ஸ்ரீ சித்ராவின் ஆஸ்பத்திரிக்குப் பல மாடிக் கட்டடத்தைத் தூக்கிக் கொடுத்ததும் திருவிதாங்கூர் அரச குடும்பம்தான். ஆண்டு 1973. 1980-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்துவிட்டது. ஏழே வருஷத்தில் இந்த உயரம்!

அந்த ஆஸ்பத்திரி நிற்கும் மெடிக்கல் காலேஜ் வளாகம் மட்டும் லேசுப்பட்டதா? கேரளத்தின் முதல் மருத்துவக் கல்லூரி அது. 1951-இல் திறந்து வைத்தவர் சாட்சாத் நேரு!

வலிப்பு நோய்க்கு மாத்திரை மட்டும்தான் வைத்தியம் என்று நினைத்தீர்களா? ஸ்ரீ சித்ராவில் 1995-லேயே வலிப்பைக் கிளப்பும் மூளைப் பகுதியை அறுவை செய்து எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1998-இல் வலிப்புக்கென்றே தனி மையம். வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்காகத் தனிப் பதிவேடு தொடங்கியதும் அதே 1998-இல்தான்!

ஒரே படிப்பு, மூன்று ஊர்! சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா. மூன்றும் கைகோத்து நடத்தும் எம்.டெக். கிளினிக்கல் இன்ஜினியரிங். படிப்பது இன்ஜினியரிங், பழகுவது ஆஸ்பத்திரி வார்டில்!

திருவனந்தபுரத்தில் 2005-இல் ஒரு பிரமாண்டக் கணக்கெடுப்பு. நகரமும் கிராமமுமாக 7 லட்சத்து 41 ஆயிரம் பேர் கொண்ட மக்கள்தொகையைக் கண்காணித்தார்கள். பதிவான பக்கவாதம் 541! சரி, பெரிய பக்கவாதம் வந்து ரத்த ஓட்டம் அடைபட்டால் ஒரு நிமிடத்தில் எத்தனை நரம்பு செல்கள் சாகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள் தெரியுமா? 19 லட்சம்! ஒரே நிமிடத்தில்!

இனி மாணவர்களின் ஆட்டம்!

நரம்பு இழை நரம்பு செல்லிலிருந்துதான் கிளம்புகிறது. இதை 1842-இல் தன் பட்ட ஆய்வேட்டில் காட்டியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். பெர்லினில் ராணுவச் செலவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். வயது 21!

நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று நினைத்தார் அவருடைய பேராசிரியர் முல்லர். 1850-இல் தவளைக் காலை வைத்தே அளந்து காட்டிவிட்டார் அந்த முன்னாள் மாணவர்! மனித உடம்பின் அதிவேக நரம்புகள் வினாடிக்கு 120 மீட்டர் வரை பாயும். மணிக்கு 432 கிலோமீட்டர்! 160-இல் ஓடும் வந்தே பாரத் பக்கத்தில்கூட வர முடியாது!

1868. பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர் மனிதத் தோலுக்குள் விசித்திரமான செல்களைப் பார்த்தார். நரம்பு செல்கள் என்றே எழுதினார். நூறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அவை நோயெதிர்ப்புப் படையின் காவல்காரர்கள்! அடுத்த ஆண்டே கணையத்தில் சின்னச் சின்னத் திட்டுகளைக் கண்டார். இன்சுலின் சுரக்கும் இடமே அதுதான்! படிக்கும்போதே டபுள் செஞ்சுரி!

கழுத்தடி நரம்புகள் அறுபட்டால் கைவிரல்கள் முடங்கும். அந்த வாதத்துக்கு ஒரு மாணவியின் பெயர்! பாரிஸில் படித்த அகஸ்டா க்ளும்ப்கே 1885-இல் அதை விவரித்து எழுதினார். டாக்டர் பட்டம் வாங்கியது அதற்கப்புறம்! பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் இன்டர்னாகத் தேர்வான முதல் பெண்ணும் இவரே. இன்றும் எம்.பி.பி.எஸ். பரீட்சையில் க்ளும்ப்கே வாதம் வராமல் போகாது!

நரம்பு மண்டலத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் யார்? நார்வேயின் நான்சென்! 1888-இல் ஆய்வேட்டுக்குப் பதில் சொல்லி முடித்தார். சில நாட்களிலேயே பயணம். அந்த ஆண்டே கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்தார். 1922-இல் சமாதான நோபலும் அவருக்குத்தான்!

மனத்தை ஆராய்ந்த ஃப்ராய்ட் மாணவப் பருவத்தில் எதை ஆராய்ந்தார்? விலாங்கு மீன்! ஆண் விலாங்கின் விதைப்பையைத் தேடி அவர் அறுத்தவை சுமார் 400! அப்புறம் நன்னீர்க் கல் இறாலின் நரம்பு செல்லுக்குத் தாவினார்!

நரம்பு முனையில் ரசாயனம் சுரந்து செய்தி கடத்துகிறதோ? 1904-இல் இந்த யோசனையை முதலில் சொன்னவர் எலியட், கேம்பிரிட்ஜின் ஆராய்ச்சி மாணவர்! விஞ்ஞானி லோவி அதைத் தவளையின் இதயத்தில் நிரூபித்தது 1921-இல்தான். பதினேழு வருஷம் முந்திக்கொண்டார் மாணவர்!

இப்போது சொல்லப்போவதுதான் உச்சம்! 1939, இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை. கணவாயின் ராட்சத நரம்பு, அரை மில்லிமீட்டர் பருமன். அதற்குள் பாதரசத் துளியை விட்டு, விழும் வேகத்தைப் பார் என்று மாணவர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியிடம் சொன்னார் ஆய்வாளர் ஹாட்ஜ்கின். துளி நகரவே இல்லை! உள்ளே இருந்தது ஜெல்லி!

விட்டாரா ஹக்ஸ்லி? நரம்பைச் செங்குத்தாகத் தொங்கவிட்டார்கள். பக்கத்தில் ஒரு கண்ணாடி, எதிரே மைக்ராஸ்கோப். மேலிருந்து 0.1 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாயை, சுவரில் உரசாமல் உள்ளே இறக்கினார்கள். நரம்பின் உள்ளிருந்தே மின்துடிப்பு பதிவாயிற்று! அப்போது ஹக்ஸ்லிக்கு வயது 21. சில வாரங்களில் உலகப் போர் மூண்டது. 1963-இல் இருவருக்கும் நோபல்!

தசை எப்படிச் சுருங்குகிறது? இழை மேல் இழை வழுக்கி! 1954-இல் நேச்சர் இதழ் இதைச் சொல்லும் இரண்டு கட்டுரைகளை ஒரே இதழில் போட்டது. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, மற்றொன்றில் ஹியூ ஹக்ஸ்லி. அண்ணன் தம்பியா? சொந்தமே இல்லை!

தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடுவதைக் கண்டுபிடித்தது யார்? சிகாகோ ஆராய்ச்சி மாணவர் அசெரின்ஸ்கி. மின்கம்பிகளை யார் தலையில் ஒட்டினார் தெரியுமா? 8 வயது மகன் தலையில்! கட்டுரை வந்தது 1953-இல். கண் ஓடும் அந்த நேரத்தில் கை கால் தசைகள் கட்டிப்போட்டதுபோல் செயலற்றுக் கிடக்கும். கனவில் நீங்கள் ஓடினாலும் கட்டிலிலேயே இருப்பது அதனால்தான்!

நம்ம ஊர்ப் பிள்ளைகள் சளைத்தவர்களா? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே நேச்சர் இதழில் கட்டுரை போட்டவர் வி.எஸ். ராமச்சந்திரன்! அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன்!

அவருடைய வைத்தியத்தைக் கேளுங்கள். கையை இழந்தவருக்கு, இல்லாத கை வலிக்கிறது! விரல் மடங்கி உள்ளங்கையில் குத்துகிறது! ராமச்சந்திரன் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையை ஒரு பக்கம் நுழைத்து, விரலை மெல்ல விரிக்கச் சொன்னார். கண்ணாடியில், போன கை விரிகிறது! பலருக்கு வலி சட்டென்று விட்டது! ஆப்பரேஷன் இல்லை, மாத்திரை இல்லை. ஒரே ஒரு கண்ணாடி!

உடலியல் லேபில் பழைய மாணவர்கள் பார்த்த சினிமா தெரியுமா? சுழலும் உருளையில் புகைக்கரி படிந்த காகிதம். தவளையின் கெண்டைக்கால் தசை ஒரு துடிப்புத் துடிக்க, ஊசி கரியைக் கீறி வெள்ளை மலை வரையும். அந்தத் துடிப்பின் மொத்த ஆயுள் 0.1 வினாடி! உருளைக் கருவியை உடலியல் அறிஞர் லுட்விக் உருவாக்கியது 1847-இல். இந்திய மாணவர்கள் இன்று தவளைக்குப் பதில் கம்ப்யூட்டரில் கற்கிறார்கள்!

இனி உடம்பின் ஆட்டம்! நரம்பும் தசையும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை! நடுவில் ஒரு இடைவெளி. ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறு போட்டால் ஒரு கூறு!

அந்த இடைவெளியில்தான் கட்டுவிரியன் விஷம் வேலையைக் காட்டும்! நரம்பின் ரசாயனச் செய்தி தசைக்குப் போய்ச் சேராது. இமை விழும், மூச்சுத் தசையும் நிற்கும்! அதே குடும்பத்துப் பாம்பின் விஷத்திலிருந்து தைவான் ஆய்வாளர்கள் சாங்கும் லீயும் 1963-இல் ஒரு நஞ்சைப் பிரித்தார்கள். ரசாயனத்தை வாங்கும் தசையின் வரவேற்பு மூலக்கூறைப் பிடித்துப் பிரிக்க உதவிய தூண்டிலே அந்த நஞ்சுதான்!

கண் தசையில் ஒரு நரம்பு செல் ஆட்டிவைப்பது ஏறத்தாழ 10 இழைகளை. கெண்டைக்காலில்? ஆயிரத்துக்கும் மேல்!

சென்னையின் பெயரில் ஒரு நரம்பு நோய் உண்டு! மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். இளம் வயதில் வரும், கை கால் இளைக்கும், காது கேட்காமல் போகும். 1970-இல் முதலில் விவரித்தவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி. மூவரும் சென்னை டாக்டர்கள்!

2021-இல் ஒரு ஊசியின் விலை 18 கோடி ரூபாய்! முதுகுத்தண்டின் நரம்பு செல்கள் செத்து, தசை நலியும் பிறவி நோய்க்கான மருந்து அது. அந்த ஆண்டு கண்ணூர்ப் பக்கத்துக் குழந்தைக்காக உதவி கேட்டதும் ஒரே வாரத்துக்குள் பணத்தைக் குவித்தார்கள் மக்கள்! திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. அரசு ஆஸ்பத்திரியில் இன்று இந்த நோய்க்கென்றே தனி கிளினிக் இருக்கிறது!

அறுபட்ட நரம்பு மறுபடி வளரும் வேகம் என்ன? ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்! 2015-இல் கொச்சியில் இந்தியாவின் முதல் இரட்டைக் கை மாற்று அறுவை நடந்தது. வேறொருவர் கைக்குள் நோயாளியின் நரம்பு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வளர்ந்துதான் விரல் அசைந்தது!

இனி மூளைக்கு வருவோம். 1848. அமெரிக்க ரயில்பாதை வேலையில் வெடிமருந்து வெடித்தது. 1.1 மீட்டர் நீளம், 6 கிலோ எடையுள்ள இரும்புக் கடப்பாரை ஃபினியஸ் கேஜின் கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியே பறந்தது. மனிதர் எழுந்து உட்கார்ந்து பேசினார்! குணம் மாறிப்போனது. ஆனால் 11 வருஷத்துக்கும் மேல் வாழ்ந்தார்!

உங்கள் மூளையின் எடை சுமார் 1,400 கிராம். மண்டைக்குள் அது நீரில் மிதப்பதால் உணரும் எடை? வெறும் 50 கிராம்! அந்த நீர் 150 மில்லி. நாள்தோறும் சுரப்பதோ 500 மில்லி!

தலைக் காயத்துக்கு உலகமே போடும் மார்க்கு, கிளாஸ்கோ கோமா அளவுகோல். 1974-இல் பிறந்தது. முழு மார்க்கு 15. பூஜ்யம் வாங்கவே முடியாது. குறைந்தபட்சம் 3!

பைக் ஹெல்மெட்டுக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 1935-இல் லாரன்ஸ் ஆஃப் அரேபியா என்று புகழ்பெற்ற பிரிட்டிஷ் அதிகாரி பைக் விபத்தில் இறந்தார். சிகிச்சை தந்த டாக்டர் கெய்ர்ன்ஸ் மனம் பொறுக்காமல் ஆராய்ச்சியில் இறங்கினார். 1941-இல் ஹெல்மெட் உயிர் காக்கும் என்று கட்டுரை! இன்றைய கணக்கு: தலைக் காய ஆபத்து 69 சதவீதம் குறைகிறது, மரணம் 42 சதவீதம்! கேரளச் சாலைகளில் 2023-இல் விழித்துக்கொண்ட கேமராக்கள் 726. மாட்டாமல் போனால் மாட்டிக்கொள்வீர்கள்!

தலையில் அடிபட்டவருக்குப் பதில் இறங்கி ஆட்ட நாயகன் ஆனவர் உண்டா? கிரிக்கெட் வீரர் சாஹல்! 2020 கான்பெரா டி20-யில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. பதிலாக வந்தவர் 3 விக்கெட்!

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கியது. தொடங்கியவர் ஜேக்கப் சாண்டி. பிறந்தது கோட்டயம், படித்தது சென்னை மருத்துவக் கல்லூரி! சென்னையின் டி.எஸ். கனகா 1968-இல் நரம்பியல் அறுவையில் எம்.சிஎச். முடித்தார். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவர்!

சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் 2024-இல் கருவிலிருக்கும் சிசுவின் மூளைக்கு வரைபடம் வெளியிட்டது. பெயர் தரணி. அதிலுள்ள மூளைச் சீவல்கள் 5,132! மையத்துக்குக் கைகொடுத்த கிரிஸ் கோபாலகிருஷ்ணன் ஐ.ஐ.டி.யின் பழைய மாணவர். பிறந்த ஊர்? திருவனந்தபுரம்!

கடைசியாக, வெள்ளைக் கோட்டு போட்ட தம்பி தங்கைகளுக்கு! எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே ஆராய்ச்சி செய்ய ஐ.சி.எம்.ஆர். 1979-லிருந்தே பணம் கொடுக்கிறது. நீங்கள் யோசித்த கேள்வி, உங்கள் கல்லூரிப் பேராசிரியர் வழிகாட்டல், இரண்டே மாதம். உதவித்தொகை 50,000 ரூபாய்! லாங்கர்ஹான்ஸுக்கு 21, ஹக்ஸ்லிக்கு 21, ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கும் 21. உங்களுக்கு என்ன வயது? விண்ணப்பத்தைப் போடுங்கள்!