விடுதித் தொழிலில் நிறுவனங்களையும் போட்டியையும் ஆராய்தல்

ஒரு தொழிலில் யார் யார் இயங்குகிறார்கள், அவர்களின் உடைமை யாரிடம் இருக்கிறது, வாடிக்கையாளரை ஈர்க்க அவர்கள் எவ்வாறு போட்டியிடுகிறார்கள் என்பவற்றைச் சான்றுகளுடன் கண்டறிவது தொழில்துறை ஆய்வு ஆகும். வணிகவியல், மேலாண்மை, சுற்றுலாவியல் மாணவர்கள் செயல்திட்ட அறிக்கைக்காக இதனைச் செய்கின்றனர். கடன் வாங்கி இருபது அறைகள் கட்ட நினைக்கும் ஒருவருக்கும் இதே ஆய்வு தேவைப்படுகிறது. மாணவர் தவறாகக் கணித்தால் மதிப்பெண் குறையும். முதலீட்டாளர் தவறாகக் கணித்தால் வங்கியில் அடகு வைத்த நிலம் போகும்.

மேலைநாடுகளின் பனிச்சறுக்கு ஓய்விடத் தொழில் இவ்வகை ஆய்வுக்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். மலையை இடம் மாற்ற முடியாது, வருகை பருவத்தைச் சார்ந்தது, முதலீடு பெரிது, விற்காத அறையையும் பயணச்சீட்டையும் மறுநாளைக்கு எடுத்து வைக்க முடியாது. பனியே காணாத காவிரிப் படுகையில் ஏறத்தாழ இதே இயல்புகளைக் கொண்டது கோயில் ஊர்களின் விடுதித் தொழில். இக்கட்டுரை சீர்காழி வட்டாரத்தைக் களமாகக் கொண்டு ஆய்வின் படிநிலைகளை விளக்குகிறது.

சந்தையின் எல்லை

ஆய்வின் முதல் கேள்வி, எது எதற்கு மாற்று என்பதாகும். சீர்காழியைச் சுற்றி வைத்தீசுவரன்கோயில் (செவ்வாய்), திருவெண்காடு (புதன்), கீழப்பெரும்பள்ளம் (கேது) ஆகிய நவக்கிரகத் தலங்கள் உள்ளன. நவக்கிரகச் சுற்றுலா வருபவர் கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ சீர்காழியிலோ சிதம்பரத்திலோ தங்கலாம். அவரைப் பொறுத்தவரை இந்த நான்கு ஊர்களின் விடுதிகளும் ஒன்றுக்கொன்று போட்டியாளர்களே.

திருக்கடையூரின் நிலை வேறு. அறுபதாம் ஆண்டு நிறைவுக்கும் (மணிவிழா) எண்பதாம் ஆண்டு சதாபிஷேகத்துக்கும் அங்கு வருவோர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் என்று கூட்டமாக வருகின்றனர். அதிகாலைப் பூசைக்கு முதியவர்களை அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால் கோயிலுக்கு அருகிலேயே தங்க விரும்புகின்றனர். இவர்களுக்குக் கும்பகோணத்து விடுதி மாற்றாகாது. மேலும் இச்சடங்குகள் பிறந்த மாதம், நட்சத்திரத்தை ஒட்டி நடப்பதால் திருமண முகூர்த்தம் இல்லாத மாதங்களிலும் வருகை நிற்பதில்லை. அருகருகே உள்ள ஊர்களில்கூட இரண்டு தனிச் சந்தைகள் இருக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

கம்பெனிகள் மட்டுமே போட்டியாளர்கள் என்று கொள்வதும் பிழையாகும். தேவஸ்தான விடுதிகள், மடங்கள், சமூகச் சத்திரங்கள், திருமண மண்டப அறைகள் ஆகியவையும் அறை தருகின்றன. இவற்றுள் பல இலாப நோக்கின்றிக் குறைந்த கட்டணத்தில் இயங்குவதால், தனியார் விடுதி தன் கீழ்நிலை அறைக்கு வைக்கக்கூடிய வாடகைக்கு இவையே உச்சவரம்பு ஆகின்றன.

உடைமையை அறிதல்

பெயர்ப்பலகையில் உள்ள பெயர் பெரும்பாலும் வணிகப் பெயரே. உரிமையாளர் யார் என்பதை அறிய எளிய வழி, விடுதி தரும் ரசீதில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணாகும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து குறிகள் உரிமையாளரின் பான் எண். எனவே ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது குறி உரிமையாளரின் வகையைச் சொல்லிவிடும்: ‘பி’ என்றால் தனிநபர், ‘எஃப்’ என்றால் கூட்டு நிறுவனம், ‘சி’ என்றால் கம்பெனி, ‘டி’ என்றால் அறக்கட்டளை, ‘எச்’ என்றால் இந்துக் கூட்டுக்குடும்பம். இந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டால் சட்டப்படியான பெயரும் பதிவு நாளும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

உரிமையாளர் கம்பெனியாக இருந்தால், பெருநிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதன் 21 குறிகள் கொண்ட அடையாள எண்ணைக் காணலாம். முதல் எழுத்து ‘எல்’ எனில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. ‘யு’ எனில் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகை (தங்குமிடத் தொழிலுக்கு 55 எனத் தொடங்கும்), பின்னர் மாநிலம், பதிவான ஆண்டு, கம்பெனியின் வகை, பதிவெண் ஆகியவை வரும். சிறு கட்டணம் செலுத்தினால் ஆண்டுக் கணக்கு, பங்குதாரர் விவரம் அடங்கிய ஆண்டறிக்கை, வங்கிக் கடனுக்கு ஈடுவைத்த சொத்துகளின் பதிவு ஆகியவற்றைப் பார்வையிடலாம். கடைசியாகச் சொன்ன பதிவே பலரும் கவனியாமல் விடுவது. கடன் சுமை மிக்க போட்டியாளர் எவ்வளவு காலம் வாடகையைக் குறைத்து விற்க முடியும் என்பதை அது உணர்த்தும்.

தனிநபர் விடுதிகளுக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் பொதுவெளியில் கணக்கு கிடைக்காது. அங்கு அறைகளை எண்ணுவது, பல நாட்களில் வாடகை விசாரிப்பது, இரவில் நிற்கும் வண்டிகளைக் கணக்கிடுவது போன்ற கள ஆய்வே வழி.

அரசு நிறுவனங்கள்

பிச்சாவரம் படகுக் குழாமை நடத்தும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமாகும். இத்தகைய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகளும் சட்டமன்றத்தில் வைக்கப்படுகின்றன. கிடைக்காத விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழியாகக் கேட்கலாம். இந்தியப் பனிச்சறுக்குத் தலங்களை ஆராய்வோருக்கும் இதுவே வழி. குல்மார்க்கின் கம்பிவட ஊர்தியை நடத்துவது ஜம்மு காஷ்மீர் அரசின் கம்பிவட ஊர்திக் கழகமே.

பழைய புள்ளிவிவரங்களைத் தேடுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மயிலாடுதுறை மாவட்டம் 2020 டிசம்பரில்தான் நாகப்பட்டினத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே 2011 மக்கள்தொகைக் கணக்கு உட்பட முந்தைய தரவுகளில் சீர்காழி நாகப்பட்டினம் மாவட்டத்தின் கீழ் இருக்கும்.

போட்டியை அளத்தல்

சந்தைச் செறிவை அளக்க, ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கு விழுக்காட்டையும் வர்க்கமாக்கிக் கூட்டும் ஹெர்ஃபிண்டால் – ஹிர்ஷ்மன் குறியீடு பயன்படுகிறது. ஓர் ஊரின் அறைகளில் நான்கு உரிமையாளர்களுக்கு முறையே 40, 30, 20, 10 விழுக்காடு இருப்பதாகக் கொண்டால், குறியீடு 1600 + 900 + 400 + 100 = 3000. அமெரிக்காவின் 2023 இணைப்பு வழிகாட்டுதலின்படி 1800-க்கு மேற்பட்டது மிகச் செறிந்த சந்தையாகும். விடுதிகளின் பெயர்களை எண்ணாமல் உரிமையாளர்களை எண்ண வேண்டும். ஒரே குடும்பம் மூன்று பெயர்களில் விடுதி நடத்தினால் அது ஒரு போட்டியாளரே.

வருவாயை ஒப்பிட, வாடகையை நிரம்பும் விகிதத்தால் பெருக்க வேண்டும். 1,500 ரூபாய் வாடகையில் 40 விழுக்காடு நிரம்பும் விடுதி ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய் ஈட்டுகிறது. 1,000 ரூபாயில் 70 விழுக்காடு நிரம்பும் விடுதி 700 ரூபாய் ஈட்டுகிறது. வாடகைப் பலகையை மட்டும் பார்ப்பவருக்கு முதல் விடுதியே செழிப்பாகத் தோன்றும்.

பருவ இடரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பனி பொய்த்தால் சறுக்குமலை முடங்குவது போல, வடகிழக்குப் பருவமழை மிகுந்தால் படுகையின் சாலைகள் முடங்கும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை பெய்தது.

இடைத்தளங்களும் போட்டிச் சட்டமும்

இணைய முன்பதிவுத் தளங்கள் விடுதிக்கும் விருந்தினருக்கும் நடுவே நிற்கின்றன. 20 விழுக்காடு தரகு என்று கொண்டால், 1,500 ரூபாய் அறைக்கு 300 ரூபாய் தளத்துக்குப் போகும். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் அளித்த உத்தரவில், இணையவழி விடுதி முன்பதிவுச் சந்தையில் மேக்மைட்ரிப் – கோஐபிபோ குழுமம் மேலாதிக்க நிலையில் இருப்பதாக முடிவு செய்தது. பிற வழிகளில் குறைந்த விலைக்கு அறை விற்கக்கூடாது என்று விடுதிகளைக் கட்டுப்படுத்திய நிபந்தனைகளை நீக்குமாறு கூறியது. ஓயோவுடன் செய்த உடன்பாட்டால் போட்டி விடுதித் தொடர்கள் தளத்திலிருந்து விலக்கப்பட்டதையும் குறை கண்டது. குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டன. ஆணையத்தின் உத்தரவுகள் பொது ஆவணங்கள். சந்தை எல்லை எவ்வாறு வாதிடப்படுகிறது என்பதைக் கற்க அவை சிறந்த பாடநூலாகும்.

பனிச்சறுக்குத் தொழிலின் புகழ்பெற்ற வழக்கு அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் எழுந்தது. அங்கிருந்த நான்கு மலைகளில் மூன்று ஒரு கம்பெனியிடமும் ஒன்று ஹைலண்ட்ஸ் என்ற போட்டியாளரிடமும் இருந்தன. நான்குக்கும் செல்லும் கூட்டுச் சீட்டைப் பெரிய கம்பெனி 1978-79 பருவத்திலிருந்து நிறுத்தியது. ஹைலண்ட்ஸின் பங்கு 1976-77-இல் இருந்த 20.5 விழுக்காட்டிலிருந்து 1980-81-இல் 11 விழுக்காடாகச் சரிந்தது. 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹைலண்ட்ஸுக்கு ஆதரவான தீர்ப்பை உறுதி செய்தது. எனினும் 1993-இல் அந்த மலையும் பெரிய கம்பெனியிடமே சேர்ந்தது. வழக்கில் வெல்வதும் சந்தையில் நிலைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று.

அறிக்கை அமைத்தல்

நல்ல அறிக்கையில் சந்தையின் எல்லை, உரிமையாளர் பட்டியல், அறை எண்ணிக்கை, வாடகை வீச்சு, செறிவுக் குறியீடு, பருவ இடர், இடைத்தளங்களின் பங்கு ஆகியவை இடம்பெறும். ஒவ்வொரு எண்ணுக்கும் அது ஆவணத்திலிருந்து வந்ததா, நேரில் எண்ணியதா, மதிப்பீடா என்று குறிப்பிட வேண்டும். விளம்பரங்களிலும் விருந்தினர் மதிப்புரைகளிலும் உள்ளவற்றை வேறு சான்றுடன் ஒத்துப்பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். புதிய விடுதிக்கான ஆய்வாயின், தற்போதைய போட்டியாளர்களோடு கட்டப்பட்டுவரும் கட்டடங்களையும் எண்ணுவது அவசியம். கடன் தவணை தொடங்கும்போது சந்தையில் இருக்கப்போகும் அறைகள் அவையும் சேர்ந்தவையே.