லினக்ஸ் போனுக்கு அப்டேட் எதுவரை வரும்?

கம்பெனி கைவிட்ட பழைய போனில் உபுண்டு டச் என்ற லினக்ஸ் ஓஎஸ் போட்டுவிட்டால் பாதுகாப்பு திரும்பிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பாதிதான் உண்மை.

போனுக்குள் ஓடும் மென்பொருள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மேலே ஆப்கள், பிரவுசர் போன்றவை. அதன் கீழே, வன்பொருளை ஆப்களோடு இணைக்கும் லினக்ஸ் கெர்னல். அடியில் மோடம், வைஃபை சிப்களின் ஃபர்ம்வேர். மேலே உள்ளதைத் தன்னார்வலர்கள் புதுப்பித்துவிடுவார்கள். ஃபர்ம்வேரில் ஓட்டை விழுந்தாலோ, சிப் தயாரித்தவர் மனசு வைத்தால்தான் உண்டு. ஆண்ட்ராய்டிலிருந்து உருவான லீனியேஜ் ஓஎஸ் போட்ட பழைய போனில் செட்டிங்ஸைத் திறந்தால் இது கண்ணிலேயே படும். ஆண்ட்ராய்டு பாதுகாப்புத் தேதி அண்மையதாக இருக்கும். வெண்டர் தேதி என்று தனியாக இருப்பது பல வருடம் பழையதாக இருக்கும்.

கெர்னல் விஷயம்தான் சிக்கலானது. கூகுளின் நெக்சஸ் 5 போன் 2013-இல் வந்தது. அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2016-இல் நின்றது. உபுண்டு டச்சைப் பராமரிக்கும் யுபிபோர்ட்ஸ் குழு அதன் பிறகும் அந்த போனுக்கு உபுண்டு டச் கொடுத்துவந்தது. ஆனால் உள்ளே ஓடியது ஆண்ட்ராய்டுக்காகச் செய்த அதே 3.4 கெர்னல். அந்த வரிசைக்கான ஆதரவை லினக்ஸ் கெர்னல் குழுவே 2016-இல் முடித்துக்கொண்டது. புதிய கெர்னலை ஏன் போடவில்லை? வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் அந்தப் பழைய பதிப்புக்கென்றே எழுதப்பட்டவை. கெர்னல் குழு வெளியிடும் பொதுக் கெர்னலில் முறையாகச் சேரவில்லை. ஹேலியம் என்ற இடைத்தளம் இத்தகைய டிரைவர்களை அப்படியே பயன்படுத்த வழி செய்கிறது. கேமராவும் அழைப்பும் வேலை செய்யும், கூடவே பழைய கெர்னலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் வேறு வழியில் போகிறது. ஒரு போன் பத்து வருடம் உழைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அதற்காக, முடிந்த இடத்திலெல்லாம் பொதுக் கெர்னலிலேயே போனை ஓட வைக்கப் பார்க்கிறார்கள். அப்படி ஓடும் போனுக்கு மேசைக் கணினிக்கு வருவதுபோலவே கெர்னல் திருத்தம் வரும். விலையும் உண்டு: பல போன்களில் கேமராவோ அழைப்போ சரியாக வேலை செய்யாது. நீண்ட காலப் பாதுகாப்புக்கு இந்த வழிதான் சரி என்பது என் கணிப்பு, இன்றைக்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டாலும்.

அப்டேட் வந்தால் மட்டும் போதாது, ஆப்களைக் கட்டுக்குள் வைக்கவும் வேண்டும். உபுண்டு டச் பெரும்பாலான ஆப்களை ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பைக் கொண்டு அதனதன் எல்லைக்குள் அடைக்கிறது. மேசைக் கணினி லினக்ஸை அப்படியே போனுக்குக் கொண்டுவரும் மொபியன் போன்றவற்றில், வழக்கமாக நிறுவும் ஆப் உங்கள் கோப்புகள் அனைத்தையும் படிக்க முடியும். இந்த விஷயத்தில் ஆண்ட்ராய்டு முன்னே நிற்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வன்பொருளில் மட்டும் பைன்போன் என்ற லினக்ஸ் போன் ஓர் ஆறுதல் தருகிறது. பின்மூடியைக் கழற்றினால் மோடம், வைஃபை, மைக், கேமராவைத் துண்டிக்கும் குட்டி ஸ்விட்சுகள் இருக்கும்.

ஆகவே ஓஎஸ் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் போன் மாடலுக்கான பக்கத்தில் கெர்னல் எண் என்ன, அந்த வரிசைக்கு இன்னும் ஆதரவு உண்டா என்று பாருங்கள். பழைய கெர்னல் என்றால் அந்த போனைப் பாட்டு கேட்க, படிக்க, கற்றுக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள். வங்கி ஓடிபி வரும் சிம்மை மட்டும் அதில் போடாதீர்கள்.