கணக்கு மென்பொருள்: லைசென்ஸ் வீணாகாமல் காப்பது எப்படி?



தொண்டாமுத்தூரிலிருந்து கோவை ரங்கே கவுடர் வீதி வரை மொத்த வியாபாரிகள் பலரும் இன்று கணக்கைக் கணினியில்தான் வைத்திருக்கிறோம். பில் போடும் இடம், குடோன், கணக்குப்பிள்ளை மேஜை என்று மூன்று நான்கு கணினிகளை இணைத்து ஒரே கணக்கை எல்லோரும் பார்க்கிறோம். இதில் ஒரு தொல்லை உண்டு. சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்கும். பில் போடப் போனால், அனுமதித்த எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று திரை மறிக்கும். உடனே இன்னொரு லைசென்ஸ் வாங்க ஓட வேண்டாம். முதலில் காரணத்தைப் பாருங்கள்.

லைசென்ஸ் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. பெங்களூரில் 1986-ல் தொடங்கிய டேலி நிறுவனத்தின் மென்பொருளில் 'சில்வர்' ஒருவர் பயன்படுத்துவதற்கு. 'கோல்டு' ஒரே இடத்தில் இணைந்துள்ள கணினிகளுக்கு, ஆள் கணக்குக் கிடையாது. வேறு பல மென்பொருள்களில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. தொல்லை வருவது இந்த வகையில்தான்.

கடையில் ஒரே தராசு இருக்கிறது. ஒருவர் தட்டில் மூட்டையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டால், அடுத்தவர் எடை போட முடியுமா? கணினியிலும் அதே கதைதான். உள்ளே நுழைந்தவர் வேலை செய்யாவிட்டாலும் வெளியேறும் வரை அந்த இடம் அவருடையதே.

இடம் வீணாவது மூன்று வழிகளில்:

1. சாப்பாட்டுக்குப் போகிறவர் மென்பொருளைத் திறந்தபடி விட்டுப் போவது.

2. வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் கணக்குப் பார்ப்பவர், மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுவது. இதனால் தொடர்புதான் அறும். கடைக் கணினியில் மென்பொருள் ஓடிக்கொண்டே இருக்கும். 'சைன் அவுட்' கொடுத்தால்தான் உண்மையில் வெளியேறியதாகும்.

3. மின்சாரம் போய்க் கணினி அணைவது. ஆள் போனது சர்வருக்குத் தெரியாமல், சிறிது நேரம் இடம் பிடிபட்டே கிடக்கும்.

செய்ய வேண்டியவை:

ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல் கொடுங்கள். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் யார் இடத்தைப் பிடித்திருக்கிறார் என்றும் தெரியாது, யார் பில்லைத் திருத்தினார் என்றும் தெரியாது.

சும்மா கிடந்தால் தானே வெளியேற்றும் வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். விண்டோஸ் சர்வரில் ரிமோட் தொடர்புகளுக்கு இந்த நேர வரம்பை வைக்கலாம். வரம்பை மிகக் குறைக்க வேண்டாம். நீண்ட பில் போடுகிறவர் சரக்கை எண்ணி வருவதற்குள் வெளியே தள்ளப்படுவார்.

அடுத்தவர் இடத்தை விடுவிக்குமுன் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பாதி பில்லில் வலுக்கட்டாயமாக மூடினால் பதிவு போய்விடும். கணக்குக் கோப்பே கெடவும் கூடும். சர்வருக்கும் பில் கணினிக்கும் யு.பி.எஸ். அவசியம்.

மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோருக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 மறுமாதம் 11-ம் தேதி, 3பி 20-ம் தேதி கடைசி. 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம் (வியாபாரமே இல்லாத மாதத்துக்கு 20 ரூபாய்), கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அந்த நாளில் கணக்குப்பிள்ளைக்கு இடம் இல்லையென்றால் நஷ்டம் நமக்கே. ஆகவே அந்த இரு நாட்களில் ஓர் இடத்தை அவருக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு வாரம், வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் உண்மையில் வேலை செய்பவர்களை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை லைசென்ஸை மிஞ்சினால் தயங்காமல் இன்னொன்று வாங்குங்கள். திருட்டு நகல் போட்டு நம் கணக்கைப் பணயம் வைப்பது வியாபாரமல்ல. மிஞ்சவில்லை என்றால், அந்தப் பணம் சரக்கில் போகட்டும்.