உதைக்காத பீரங்கி

அறிவியல் புனைகதைப் படைகளில் ஜீப் அளவுள்ள பீரங்கி வண்டி ஒன்று மேடு பள்ளமெல்லாம் தாவி ஓடும். நின்ற இடத்தில் மலை அதிரச் சுட்டுவிட்டு அடுத்த நொடி காணாமல் போகும். அப்படிச் சுட்டால் வண்டிக்கு விழும் உதையைத்தான் கதை எழுதுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

3 கிலோ குண்டு நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் பாய்வதாக வைத்துக்கொள்வோம். பீரங்கி 600 கிலோ என்றால் அது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் உருளும். நாலு பேர் தள்ளி மறுபடி நிறுத்திவிடலாம். குழலும் வண்டியும் சேர்ந்தே 150 கிலோதான் என்றால் அந்த வேகம் 8 மீட்டர். பின்னால் நிற்பவர் கால் மிஞ்சாது. பழைய பீரங்கிகள் கனத்துக் கிடந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ராக்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. எரியும் வாயு பின்பக்கமாக வெளியேறுகிறது. அதன் எதிர்விசை ராக்கெட்டையே முன்னே தள்ளுகிறது. தாங்கும் சட்டத்துக்கு அனல்தான் படும், உதை விழாது. ஆகவே மூங்கில் சட்டமும் மாட்டுவண்டியும் போதும்.

இதை நன்றாகப் பயன்படுத்தியது மைசூர்ப் படை. 1792 உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை சேர்வராயன் மலையடிவாரச் சேலமும் மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. இன்று 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏற்காட்டு ஒண்டிக்கடைக்கு வந்து சேரும் மலைச்சாலை அன்று கிடையாது. அத்தகைய மலைக்குப் பீரங்கியை இழுத்து ஏற்றுவதைவிட, ராக்கெட் கட்டை முதுகில் சுமந்து ஏறுவது எவ்வளவோ எளிது.

லண்டன் வுல்விச்சில் இருந்த மைசூர் ராக்கெட் ஒன்றின் இரும்புக்குழல் 25 சென்டிமீட்டர் நீளம், சுமார் 6 சென்டிமீட்டர் விட்டம். ஒரு மீட்டர் நீள வாள் ஒன்று தோல் வாரால் அதோடு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. பறக்கும்போது நிலை தடுமாறாமல் பார்த்துக்கொள்வது அந்த வாள். விழும் இடத்தில் வெட்டுவதும் அதுவே. காகிதக்குழல் வெடித்துவிடும் அழுத்தத்தை இரும்பு தாங்கியதால் எட்டும் தூரம் 1 கிலோமீட்டரைத் தாண்டியது. சக்கர வண்டியில் சட்டம் பூட்டி ஒரே நேரத்தில் பல ராக்கெட்டுகளைச் செலுத்தியதாகவும் சொல்லப்படுகிறது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை மைசூர்ப் படையிடம் தோற்றபோது, அதன் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன; ராக்கெட்டுகளே காரணம் என்பார்கள். சீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தில் அந்த வெடிப்பை இன்றும் பார்க்கலாம்.

குறை, குறி. காற்று கொஞ்சம் திரும்பினாலும் ராக்கெட் வேறெங்கோ போகும். ஒன்றுக்குப் பத்தாக விடுவதே வழி. பீரங்கியின் உதைக்கும் பிறகு மருந்து கிடைத்தது. 1897இல் பிரெஞ்சுக்காரர்களின் 75 மில்லிமீட்டர் பீரங்கியில் எண்ணெயும் அழுத்தக் காற்றும் உதையை விழுங்கிக்கொள்ள, குழல் மட்டும் பின்னால் போய்த் திரும்பியது, வண்டி நகரவில்லை.

ஆனாலும் லாரியில் ராக்கெட் ஏற்றும் யோசனை அழியவில்லை. 1941இல் சோவியத் கத்யூஷா 16 ராக்கெட்டுகளோடு களம் இறங்கியது. இந்தியாவின் பினாகா 12 ராக்கெட்டுகளை 44 நொடியில் தீர்த்துவிடும். வானில் தொங்கும் புகைக்கோடு வண்டி நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், கடைசி ராக்கெட் கிளம்பியதும் லாரியும் இடத்தைக் காலி செய்கிறது.