கைத்துளைக் கருவியும் சாணைக் கருவியும்: பழுதும் பராமரிப்பும்

நமது சங்கங்களின் கருவிக் கொட்டகைகளில் ஏற்பட்டுள்ள மாறுதலை அங்கத்தினர்கள் அனைவரும் கண்டிருப்பார்கள். துறப்பணமும் உளியும் சாணைக்கல்லும் இருந்த இடத்தில் இன்று கையில் பிடித்து இயக்கும் மின்சாரத் துளைக் கருவியும், கிரைண்டர் என்று நாம் வழங்கும் சாணைக் கருவியும் இடம் பெற்றுவிட்டன. தறிச் சட்டத்தில் துளையிடவும், சொட்டுநீர்ப் பாசனத்திற்கெனக் குழாயைத் துளைக்கவும், அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் சாணை பிடிக்கவும் இவை பயன்படுகின்றன. இவற்றை அங்கத்தினர்களின் பங்குப் பணத்திலிருந்தே வாங்குகிறோம். எனவே, ஒரு கருவி எத்தனை ஆண்டு உழைக்கும், பழுதானால் எதைச் செப்பனிடலாம், எதைக் கைவிடலாம் என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஓரளவாவது அறிந்திருத்தல் நலம்.

ஒரு நெசவாளர் சங்கத்தில் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்தபொழுது, மூன்று துளைக் கருவிகளுக்கு எதிரே ‘பழுது, ஏலத்திற்குரியது’ என்று எழுதப்பட்டிருக்கக் கண்டோம். மூன்றும் ஐந்து ஆண்டுகளுக்குள் வாங்கப்பட்டவை. ஏலத்திற்கு விடுவதற்கு முன்னர் அவற்றைத் திறந்து பார்க்கச் செய்தோம். ஒன்றில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, அவ்வளவே. மற்றொன்றில் மின்கம்பி பிடியின் கழுத்தருகே உள்ளுக்குள் அறுந்திருந்தது. மூன்றாவதில்தான் ஆர்மேச்சர் உண்மையாகவே கருகியிருந்தது. முதல் இரண்டும் அன்று மாலையே இயங்கின. ஒரு புதிய கருவியின் விலையோடு ஒப்பிட, அவற்றிற்கான செலவு மிகச் சொற்பம். பழைய இரும்பு வியாபாரிக்குப் போகவிருந்தவற்றில் மூன்றில் இரு பங்கு சங்கத்தின் சொத்தாகவே மீண்டது. இத்தகைய நிலை அந்த ஒரு சங்கத்திற்கு மட்டும் உரியது என்று நாம் கருதவில்லை.

இக்கருவிகளின் உள்ளே இருப்பது என்ன? நமது சமையலறை மிக்சியில் உள்ள மோட்டாரின் இனமே இதிலும் உள்ளது. நடுவில் சுழலும் பகுதி ஆர்மேச்சர். அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்பது பீல்டு காயில். ஆர்மேச்சரின் ஒரு முனையில் செப்புத் தகடுகளால் ஆன உருளை ஒன்று உண்டு. அதற்குக் கம்யூட்டேட்டர் என்று பெயர். அதன் இரு புறமும் இரண்டு சிறு கரித்துண்டுகள் வில்லின் அழுத்தத்தால் ஒட்டி நிற்கும். அவையே கார்பன் பிரஷ். சுழலும் பகுதிக்கு மின்சாரம் செல்லும் வழி அவற்றின் வாயிலாகத்தான். ஆகவே, துளைக் கருவியைச் செப்பனிட நகரத்திற்கு ஓட வேண்டுவதில்லை. மிக்சிக்குக் காயில் கட்டும் தொழிலாளி உங்கள் ஊரிலேயே இருப்பாராயின், அவர் இதன் குணத்தை அறிந்தவரே.

ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனத்தார் 1895-ல் கையால் தூக்கிச் செல்லத்தக்க மின்சாரத் துளைக் கருவியைச் செய்தனர். துப்பாக்கியைப் போன்ற பிடியும் விரலால் அழுத்தும் சுவிட்சும் கொண்ட அமைப்பிற்கு, அமெரிக்காவில் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனத்தார் 1917-ல் காப்புரிமை பெற்றனர். பக்கவாட்டில் வட்டுச் சுழலும் சாணைக் கருவி 1954-ல் ஜெர்மனியில் தோன்றியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், கம்பி வழி மின்சாரத்தில் இயங்கும் கருவிகளின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை. இது நமக்கு நல்லதே. பழுது நீக்கும் அறிவு பழையதாகிவிடவில்லை.

கார்பன் பிரஷ் தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட பொருள். செப்பு உருளை தேயாமலிருக்கும் பொருட்டு மென்மையான கரி தன்னைத் தேய்த்துக் கொள்கிறது. அது தேய்ந்து தீர்வதைக் கருவியின் மரணமாக எண்ணுவது, வண்டிச் சக்கரத்தின் மை தீர்ந்ததும் வண்டியை விறகாக்குவதற்கு ஒப்பாகும். கருவி சில சமயம் ஓடி, சில சமயம் நின்று, தட்டினால் மறுபடி ஓடுமாயின் முதலில் ஐயுற வேண்டியது பிரஷையே. உருளையருகே சிறு நீலப் பொறி தோன்றுவது இயல்பு. மஞ்சள் நிறத்தில் பெரும் பொறி பறக்குமாயின் பிரஷ் குறுகிவிட்டது, அல்லது வில் தளர்ந்துவிட்டது எனலாம். உருளையைச் சுற்றி வளையமாகவே நெருப்பு ஓடினால் நோய் ஆர்மேச்சரில் இருத்தல் கூடும். அப்பொழுது உடனே நிறுத்திவிட வேண்டும்.

பிரஷின் நீளம் 6 மில்லிமீட்டர் அளவிற்குக் குறைந்துவிட்டால் மாற்றிவிடுவது உத்தமம். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக வைத்தால் அழுத்தம் சமமாக இராது. கடையில் அளவு கிடைக்கவில்லை என்று பெரிய பிரஷை வாங்கி அரத்தால் ராவிப் பொருத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. அளவு பொருந்தினாலும் கரியின் கடினம் பொருந்த வேண்டுமே! கடினம் மிகுந்த கரி சில மாதங்களில் செப்பு உருளையைத் தின்றுவிடும். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஆர்மேச்சரை இழப்பது கணக்கறிந்தோர் செயலன்று. புதிய பிரஷ் பொருத்தியவுடன், பளுவின்றிச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். கரியின் முகம் உருளையின் வளைவிற்கு ஏற்பப் படிந்து கொள்ளும். உருளை கறுத்திருந்தால் மெல்லிய மணல் காகிதத்தால் துடைக்கலாம். எமரித் தாள் கூடாது; அதன் துகள் தகடுகளின் இடுக்கில் சிக்கி மின்சாரத்தைக் கடத்திவிடக் கூடும்.

கருவி அடியோடு இயங்காவிடில், பிளக்கிலிருந்து தொடங்கி உள்நோக்கிச் செல்வதே முறை. முதலில் பிளக், பிறகு கம்பி, பிறகு சுவிட்ச், பிறகு பிரஷ், கடைசியில் ஆர்மேச்சர். திறப்பதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். சுவிட்சை அணைத்தது போதாது. கம்பி பெரும்பாலும் இரண்டு இடங்களில் அறும்: பிளக்கின் கழுத்தில் ஒன்று, பிடியின் கழுத்தில் மற்றொன்று. கம்பியைப் பிடித்துக் கருவியைத் தூக்குவதும், கருவியின் மேல் கம்பியை இறுகச் சுற்றி வைப்பதும் இதற்குக் காரணம். அறுந்த இடத்தைத் துணித்துவிட்டு நான்கு விரற்கடை குறைத்துப் பொருத்தினால் கருவி பிழைத்தது. ஒட்டுப் போட்டு நாடா சுற்றுதல் வேண்டா.

ஆர்மேச்சரைப் பற்றி மட்டும் தயக்கத்துடனேயே சொல்ல வேண்டியிருக்கிறது. வார்னிஷ் கருகிய நாற்றம் வீசினால் பெரும்பாலும் அதன் கதை முடிந்ததென்றே கொள்ளலாம். மல்ட்டிமீட்டர் வைத்து அடுத்தடுத்த செப்புத் தகடுகளுக்கிடையே அளந்தால் சுற்றிலும் ஒரே அளவு காட்ட வேண்டும். தகட்டிற்கும் நடுத்தண்டிற்கும் இடையே தொடர்பே இருக்கலாகாது. பெரிய கருவியாயின் புதிய ஆர்மேச்சர் வாங்கிப் போடுவது லாபம். மலிவான சிறு கருவியாயின், கையால் கம்பி சுற்றிக் கட்டுவதற்கு ஆகும் கூலியே கருவியின் விலையை நெருங்கிவிடும். மேலும் அந்த வேகத்தில் சுழலும் பொருளுக்கு எடைச் சமன் பிசகினால் பேரிங்கும் உடன் போகும். அப்படிப்பட்டதைக் கைவிட்டு, அதன் சுவிட்சையும் கம்பியையும் பல்சக்கரத்தையும் எடுத்து வைத்துக் கொள்வதே நமது யோசனை.

பேரிங்கைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. அதன் விளிம்பில் 608 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். எந்தத் தேசத்தில் செய்ததாயினும் 608 எனில் உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22, தடிப்பு 7. எண்ணைச் சொல்லி எந்தக் கடையிலும் வாங்கலாம். தூசி மிகுந்த இடத்திற்கு இரு புறமும் ரப்பர் மூடியுள்ளதைக் கேட்க வேண்டும்.

இனி, கருவி ஏன் கருகுகிறது? காரணம் பெரும்பாலும் வெப்பமே. ஆர்மேச்சரின் தண்டிலேயே ஒரு சிறு விசிறி பொருத்தப்பட்டுள்ளது. கருவி வேகமாகச் சுழன்றால்தான் அதுவும் சுழன்று காற்றை இழுக்கும். அழுத்தி அழுத்தித் துளையிட்டால் வேகம் குறைகிறது, மின்சாரம் கூடுகிறது, காற்று குறைகிறது. மூன்றும் ஒன்று சேர்ந்தால் வார்னிஷ் எவ்வளவு நேரம் தாங்கும்? மொண்ணையான துளைமுனையோடு மல்லுக் கட்டுவதைவிட முனையைத் தீட்டிக்கொள்வது மேல். பளுவான வேலை முடிந்ததும் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்தினால் உள்வெப்பம் வெளியேறும்.

நெசவாளர் அங்கத்தினர்கள் மற்றொன்றையும் கருத வேண்டும். தறிக் கூடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசி கருவியின் காற்றுத் துவாரங்களில் படிந்து மெத்தையாகிவிடுகிறது. பொறி பறக்கும் இடத்தில் பஞ்சு! வாரத்திற்கு ஒருமுறை தூரிகையால் துவாரத்தைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும். அறுந்த நூலிழைகள் சக்கின் பின்புறம் சுற்றிக் கொள்வதையும் கவனிக்க வேண்டும். தோளில் துண்டுடன் இக்கருவியைத் தொடவே கூடாது.

பயிரிடும் அங்கத்தினர்களுக்குத் தூரமே பகை. 900 வாட் சாணைக் கருவி ஏறத்தாழ 4 ஆம்பியர் இழுக்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியை 100 மீட்டர் நீட்டி அதை இயக்கினால், கம்பியிலேயே சுமார் 20 வோல்ட் கரைந்து போகும். ஏற்கெனவே மின்னழுத்தம் தாழ்ந்த ஊராயின் கருவிக்குச் சேருவது என்ன? 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இந்த நஷ்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கம்பியை உருளையில் சுற்றிய வண்ணமே உபயோகித்தால் அது சூடேறி உறை உருகும் என்பதையும் நினைவில் கொள்க.

மும்முனை இணைப்புள்ள பம்பு கொட்டகையில் இரண்டு முனைகளுக்கிடையே கருவியைச் செருகினால் 230 வோல்ட்டுக்கு மாறாக 400 வோல்ட் பாய்ந்து கணத்தில் கருகும். நியூட்ரல் இல்லையென்று எர்த் கம்பியை அதற்குப் பதிலாகக் கொள்ளும் வழக்கமோ உயிரையே வாங்கும்; எர்த்துடன் இணைந்த இரும்புகள் அனைத்தும் மின்சாரம் ஏறி நிற்கும். கருவியின் பெயர்த்தகட்டில் சதுரத்திற்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்புடையது. அதற்கு எர்த் வேண்டா. அக்குறி இல்லாத உலோக உடற்கருவிக்கு மூன்றாவது கம்பி இன்றியமையாதது. எதுவாயினும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மின்பலகையில் வைப்பதற்கு நிர்வாகக் குழு தயங்கலாகாது.

சாணைக் கருவியைப் பற்றி நாம் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. 4 அங்குலக் கருவி நிமிடத்திற்குச் சுமார் 11,000 சுற்றுச் சுழலும். அதற்குரிய 100 மில்லிமீட்டர் வட்டின் விளிம்பு அப்பொழுது விநாடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர் ஓடும். சாதாரண வெட்டுவட்டு தாங்கும் எல்லை 80 மீட்டர். ஆழமாக வெட்ட வேண்டும் என்பதற்காகக் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு, துளை பொருந்தாமைக்கு வாஷர் வைத்து, 7 அங்குல வட்டை அதே கருவியில் மாட்டியிருந்ததை ஒரு சங்கத்தின் கொட்டகையில் கண்டோம். அவ்வட்டின் விளிம்பு வேகம் 103 மீட்டரைக் கடந்துவிடும். அதைப் பிய்க்கும் விசையோ தாங்கும் எல்லையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். உடைந்தால் துண்டுகள் செல்லும் திசையில் நிற்பவர் யாராயினும் தப்புவது அரிது. வட்டை அங்கேயே கழற்றச் செய்து, கருவியைப் பூட்டி வைக்கச் சொன்னோம். மரம் அறுக்கும் பல்வட்டைச் சாணைக் கருவியில் மாட்டுவதும் இதற்குக் குறைந்ததன்று. பல் மரத்தில் சிக்கியதும் கருவி கையை மீறித் துள்ளும். வட்டு வாங்கும்பொழுது அதில் அச்சிட்ட சுற்றெண்ணையும், நடு வளையத்தில் காலாவதி மாதம் பொறித்திருந்தால் அதனையும் பார்த்து வாங்குங்கள். ஈரத்தில் கிடந்த வட்டு, கீழே விழுந்த வட்டு இரண்டையும் உடைத்து எறிந்துவிடுவதே தர்மம்.

கொள்முதலில், குறைந்த விலைப்புள்ளி ஒன்றையே பார்த்துத் தீர்மானம் எழுதும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. பிரஷ் மூடி வெளிப்புறத்திலேயே இருக்கிறதா, பிரஷும் ஆர்மேச்சரும் எந்த ஊரில் கிடைக்கும் என்று விற்பவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். விடை கூற இயலாதவரின் விலை எவ்வளவு தாழ்ந்தாலும் பயனில்லை. சங்கம் முழுவதற்கும் ஒரே மாதிரிக் கருவிகளாக வாங்கினால், இரண்டு கெட்டவற்றிலிருந்து ஒரு நல்லதைச் செய்து கொள்ளலாம். கருவி வாங்கும் அன்றே இரண்டு ஜோடி பிரஷ் வாங்கிப் பெட்டியில் போட்டு வைப்பதைத் தணிக்கையில் எவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அட்டை எழுதி, யார் எடுத்தார், என்று பிரஷ் மாற்றப்பட்டது என்று குறித்து வந்தால், பழுது யாருடைய குற்றம் என்ற வழக்கு மகாசபைக் கூட்டம் வரை வராது.

மின்கலத்தால் இயங்கும் கம்பியில்லாக் கருவிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வயற்காட்டிற்கு அவை வசதியே. 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் என்றும் எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. இரண்டிலும் இருப்பவை ஐந்து லித்தியம் கலங்களே, ஒன்று சராசரி அளவு, மற்றது முழுதும் ஏற்றிய அளவு. புதிய வகைகளில் பிரஷே கிடையாது. எனவே பிரஷ் பழுதும் இல்லை. ஆனால் அதன் இடத்தில் மின்னணுப் பலகை வந்திருக்கிறது. அது கெட்டால் ஊர்த் தொழிலாளியால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய இயலாது. கலத்தை அடியோடு வற்றவிட்டு மாதக்கணக்கில் போட்டு வைத்தால் அது மீளாது. பாதி ஏற்றி, வெயில் படாத அறையில் வைக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் மின்கலப் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பொதுவாகப் பொருந்தாது. எனவே முதல் கருவி வாங்கும்பொழுதே, பின்னர் வாங்கப் போகும் நான்கையும் எண்ணிப் பார்த்து ஒரே வகையைத் தேர்ந்து கொள்வது நல்லது.